இராயப்பன் தகரமாக்கிய ரேஸ் கார்

மனைவியிடம் ஒரு தடவையாவது "முடியாது" என்று சொல்லிவிடுவது என இராயப்பன் தீர்மானித்தார். இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக் அவர். முரண்டுபிடித்த எத்தனையோ இயந்திரங்களை வழிக்குக் கொண்டுவந்தவர். அன்று காலை தேத்தண்ணி கொண்டுவந்த மரியநாயகியைப் பார்த்து "மு" வரைக்கும் வந்துவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முருங்கைக்காய் வாங்கிட்டு வரவா?" என்று முடித்துக்கொண்டார்.

விஷயம் ஒரு காரைப் பற்றியது. ரோட்டோரமாக இருந்த அவர்கள் கொட்டகையில், கொழுந்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு குட்டி ரேஸ் கார் நின்றது. ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். அவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் இராயப்பனின் அப்பாவிடம் விட்டுப்போனது. மரியநாயகிக்குத் தையல் கடை போட அந்தக் கொட்டகை வேண்டும். தையல் மெஷின் இத்தனை காலமும் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் இராயப்பனுக்குப் பெரிய கஷ்டம்.

"கொழும்புலருந்து முத்துலிங்கம்னு ஒருத்தர் வாறாரு. பழைய காரா வாங்கிச் சேத்து வைக்கிறவராம். போன்ல பேசிட்டேன்."

"என்னயக் கேக்காமயா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரின்னுதான்."

"அதான் கேக்கல."

இராயப்பன் யோசித்தார். வாங்க வருகிறவரே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டால், யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. காரும் மிஞ்சும், குடும்பமும் மிஞ்சும். இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

முத்துலிங்கம் சனிக்கிழமை வந்தார். சாக்கை விலக்கிவிட்டுக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"நுவரெலியா மலையேற்றப் போட்டியில ஓடின கார்னு கேள்விப்பட்டேன்."

"மலையேத்தமா? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க. இது எங்க லயத்து வீட்டு மேட்டக்கூட ஏறாது."

"அப்ப ரேஸ் கார் இல்லையா?"

"எங்கப்பா பொழுதுபோகாமச் செஞ்சதுங்க. மேல பூரா தேயிலப் பெட்டித் தகரம். எஞ்சின் தண்ணி பம்புல கழட்டினது. ஸ்டியரிங்கு..." பொய் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. "அது குசினியில, அடுப்புக்குப் பக்கத்துல கெடந்தது."

வாசலில் தேத்தண்ணித் தட்டோடு மரியநாயகி நின்றாள்.

"நெசமாவா? அப்ப இத்தன வருசமா நீங்க தொடச்சித் தொடச்சி வச்சது தகரத்தயா?"

"தகரந்தான் நாயகி. ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இப்பவாவது சொன்னீங்களே." அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அழகன் அண்ணே, உள்ள வாங்க. தகரந்தானாம்."

அழகன் ஹட்டனில் பழைய இரும்பு வாங்குகிறவர். அவருடைய லொறி ரோட்டில் சற்றுக் கீழே நின்றதை இராயப்பன் அப்போதுதான் கவனித்தார். அழகன் சுத்தியலோடு வந்து காரின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"முழுசா ஏத்த ஏலாது. மூக்குலருந்து வெட்டவா, வாலுலருந்து வெட்டவா?"

இராயப்பன் பாய்ந்தார். இரண்டு கையையும் விரித்து அப்படியே காரின் மேல் கவிழ்ந்தார்.

"கைய வச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன். இது என்னா காருன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. சீமையிலிருந்து கப்பலில் வந்த கார். கொண்டுவந்தவர் குட்டைத் துரை. காருக்குள் மடங்கி உட்காரக்கூடிய துரை அவர் ஒருத்தர்தான். மற்றத் துரைமார் கிளப்பில் உட்கார்ந்து, இது காரா, காலில் மாட்டுகிற சப்பாத்தா என்று சிரித்தார்களாம். போட்டியன்று நல்ல மழை. பெரிய கார்களெல்லாம் வளைவில் வழுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க, இந்தச் சப்பாத்து மட்டும் உச்சிக்குப் போனது. அடுத்த போட்டிக்கு முன்னால் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி அறுந்தது. அப்பாதான் தொழிற்சாலைச் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணி எடுத்துப் பூட்டினார். அந்தக் கண்ணி இன்றைக்கும் இருக்கிறது. இராயப்பன் படுத்துக் கையை விட்டு அதைக் காட்டினார்.

"பூச முடிஞ்சு வந்தா அப்பா என்னயத் தூக்கி இதுக்குள்ள ஒக்கார வைப்பாருங்க. ஓட்டுடா தொரைன்னுவாரு." கண்ணியை விரலால் துடைத்தார். "அதுக்கப்புறம் என்னய யாரும் அப்பிடிக் கூப்பிட்டதில்ல."

எழுந்து பார்த்தபோது முத்துலிங்கம் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"எல்லாம் பதிவாயிருச்சு. வரலாறு தெரியாத பழைய கார் வெறும் இரும்பு. இத நான் கட்டாயம் எடுத்துக்கிறேன்."

இராயப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "அழகன எதுக்குக் கூப்பிட்ட?"

"வாங்க வந்தவர்கிட்ட நீங்க உண்மையச் சொல்ல மாட்டீங்க. ஒடைக்க வந்தவர்கிட்டச் சொல்லுவீங்க. அதான். அண்ணன் லொறியிலதான் காரு கொழும்புக்குப் போவுது."

அழகன் சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார். இராயப்பனின் முகத்தைப் பார்த்து முத்துலிங்கத்துக்கே மனசு கேட்கவில்லை.

"ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல காட்சிக்கு வைப்பேன், அண்ணே. பக்கத்துல போர்டு வச்சு இந்த வரலாறு முழுக்க எழுதுவேன். சொன்னவர்னு உங்க பேரையும் போடுவேன்."

இராயப்பன் நிமிர்ந்தார். கார் போனாலும் பேர் நிற்கும் என்ற நினைப்பே கொஞ்சம் தெம்பாக இருந்தது. "போடுறதுதான் போடுறீங்க, முழுப் பேராப் போடுங்க" என்றார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள். மரியநாயகி பல வருஷம் கொழுந்து பறித்தவள். தட்டை எடுத்துக்கொண்டே முத்துலிங்கத்திடம் சொன்னாள்:

"மொதப் பாதி பூரா பொய்தானுங்களே சொன்னாரு. அரைப் பேர் போடுங்க, போதும்."