நிராகரிப்புக்கு ஒரு விண்ணப்பம்

வெளிநாட்டுக்குப் போவதில்லை என்று கமா மாமா முடிவெடுத்துவிட்டார். முடிவெடுப்பது அவருக்குக் கஷ்டமான காரியமே இல்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் எப்பேர்ப்பட்ட முடிவையும் எடுத்துவிடுவார். வெளியே வந்து அதை மனைவியிடம் சொல்வதில்தான் முப்பத்திரண்டு வருடமாக ஒரு சிறு தடங்கல் இருந்து வந்தது.

பாடநூல் அச்சிடும் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர் அவர். ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்வார். அங்கே எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் கமா. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், தெருக்காரர்கள் மாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் மனைவிக்குத் தையல் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடை தைப்பதில் பேர் போனவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். கணவரின் அளவைக் கல்யாணமான மறுவாரமே எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அவர் விஷயத்தில் டேப்பைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

வெளிநாட்டில் இருந்த ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வந்து இரண்டு மாதம் இருக்க வேண்டும் என்றாள். மனைவி அன்றைக்கே இரண்டு பெட்டி வாங்கிவிட்டாள். மாமாவுக்கோ, அவள் மட்டும் போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இரண்டு மாதம் வீடு முழுக்க அவருக்கே. தையல் மிஷின் கடகடக்காது. சோபாவில் கால் நீட்டிப் படுக்கலாம்; பாதி தைத்த சீருடைகளுக்கு எழுந்து இடம் விட வேண்டியதில்லை. அங்கே போனாலோ, மாப்பிள்ளை விடிந்ததும் ஓடுகிறவர். மாமனாரையும் சேர்த்து ஓட்டப்போவதாகச் செய்தி.

வரமாட்டேன் என்று தன் வாயால் சொன்னால்தானே வம்பு? தூதரகம் சொல்லட்டும். தூதரகத்தோடு எந்த மனைவியும் மல்லுக்கட்ட முடியாது.

"எழுத்து வேலைன்னா நீங்கதான்" என்று மனைவி இரண்டு விண்ணப்பங்களையும் அவரிடமே கொடுத்தாள். அவளுடையதைப் பாடநூல் போல நிரப்பினார். தன்னுடையதில், வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு பிழை செய்தார். அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. இரண்டாவதுக்கு அரை நிமிடம். மூன்றாவதுக்கு மேல் ருசி தட்டிவிட்டது.

மனைவிக்கு நேர்காணல் முதலில் வந்தது. போன வேகத்தில் விசாவோடு திரும்பினாள். அடுத்த வாரம் மாமா தனியாகப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"எதுக்காகப் போறீங்க?"

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

"பொண்ணு. அப்படின்னு என் மனைவி சொல்றா."

"இங்க உங்களுக்கு வேலை ஏதாவது?"

"இல்லை."

"அப்புறம் திரும்பி வர்றதுக்கு இங்க என்னதான் இருக்கு?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன்."

அதிகாரி இப்போது நிமிர்ந்தார். "திரும்பி வருவீங்களா, மாட்டீங்களா?"

"ஊர் எப்படின்னு பார்த்துட்டுத்தானே சொல்ல முடியும்?"

ஐந்தே நிமிடத்தில் நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்தது. பஸ்ஸில் அதை மூன்று தடவை படித்தார். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. மன்னித்தார். தெருமுனையில் இறங்கியதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"குடுக்கலையா?" என்றாள் மனைவி.

"குடுக்கலை. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

"என்ன பேசினீங்க?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

மகள் போனில் அழுதாள். "உங்களுக்குன்னு ஒரு ரூமே ரெடி பண்ணி வெச்சிருக்கேம்ப்பா. ஜன்னல் பக்கமா மேஜை போட்டு, படிக்கிறதுக்கு லைட்டெல்லாம் வெச்சு." மாமாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

மூன்றாம் நாள் மனைவி அவருடைய விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வயசு அறுபத்திரண்டுதானே?"

"ஆமா."

"நமக்குக் கல்யாணமாகி அறுபத்தஞ்சு வருஷம்னு இதுல இருக்கு."

மாமா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"நீங்க பிறக்கிறதுக்கு மூணு வருஷம் முந்தியே என்னைக் கட்டிக்கிட்டீங்களா? தாலி யாரு கட்டினது?"

"கண்ணு முன்ன மாதிரி இல்லைம்மா. எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தெரியுது."

"அடடா" என்றாள் மனைவி. "அப்ப டாக்டரைப் பார்த்துடுவோம்."

கண் மருத்துவரிடம் மாமா ரொம்பவும் சிரமப்பட்டார். எழுத்துப் பலகையில் முதல் வரிக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை என்று சாதித்தார். மருத்துவர் கண்ணாடி மேல் கண்ணாடியாக மாட்டிப் பார்த்துக் களைத்துப்போனார். சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான், அந்த நீள அறையின் கடைசிச் சுவரில் கையகல அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. பரிசோதனைக்குப் பின் வாகனம் ஓட்டாதிர்கள்.

மாமாவின் கால் நின்றுவிட்டது. போய்விடலாம் என்றுதான் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை.

"டாக்டர், அந்த 'தி' நெடிலா வரணும். ஓட்டாதீர்கள்."

மருத்துவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமாங்க. பதினோரு வருஷமா மாட்டியிருக்கோம். ஒருத்தர் சொல்லலையே."

மனைவி மருத்துவரிடம் ஏதோ எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு வந்ததும் அவள் புதிதாக ஒரு விண்ணப்பத்தை எடுத்து வைத்து, தானே நிரப்ப ஆரம்பித்தாள்.

"ஒரு தடவை மறுத்தவங்க இன்னொரு தடவையும் மறுக்கத்தான் செய்வாங்க" என்றார் மாமா.

"மறுத்தா மறுபடி போடறது. தப்பாத் தைச்ச துணியைத் தூக்கியா போடறோம்? பிரிச்சுத் தைக்கிறோம்."

"போய் என்ன சொல்லணும்?"

"போன தடவை சொன்னதையே சொல்லுங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம்."

கோப்போடு ஓர் உறையையும் குண்டூசி குத்தி வைத்தாள். அது என்ன என்று கேட்டார்.

"அளவுச் சீட்டு. அது இல்லாம எந்தத் துணியும் எங்க கடையில உள்ள போகாது."

இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. வெளிநாட்டுக்காரி. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவள். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்தது. மிகாத இடத்தில் அடங்கிப்போனது. மாமா சொக்கிப்போய் நின்றார்.

"ஐயா, எதற்காகப் பயணம் செய்கிறீர்கள்?"

"கூப்பிட்டாங்க."

"திரும்பி வருவீர்களா?"

"ஊரைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"இந்த விடையைத்தான் சொல்வீர்கள் என்று தங்கள் மனைவி எழுதியிருக்கிறார்" என்று அவள் உறைக்குள் இருந்த கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினாள்.

என் கணவருக்கு வர இஷ்டம் இல்லை. அதனால் வேண்டுமென்றே பிழையாக நிரப்பினார். கண் நன்றாக இருக்கிறது, டாக்டர் சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். நான் ஊருக்குப் போனபிறகு வீட்டில் தனியாக படுத்திருக்க ஆசைப்படுகிறார். இவரை எந்த நாட்டில் விட்டாலும் இந்த வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

'தனியாக'வுக்குப் பிறகு ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. மாமாவின் கை தன்னை அறியாமல் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"இவை உண்மையா, ஐயா?"

இவ்வளவு சுத்தமான தமிழிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "உண்மைதான்" என்றார்.

"இங்கு வருகிற எல்லோரும் திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்கிறார்கள். போகவே மனமில்லாதவர் தாங்கள் ஒருவர்தான். தங்களை நம்பாமல் வேறு யாரை நம்புவது?"

முத்திரை விழுந்தது. வெளியே மரத்தடியில் காத்திருந்த மனைவி, என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆறு மாசமா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே கேட்டிருந்தேன்."

இரண்டு மாதத்துக்குப் போகிறவர்களுக்கு ஆறு மாதம் எதற்கு என்று மாமா அப்போது யோசித்திருக்கலாம். கடிதத்தில் விட்டுப்போன 'ப்'பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மாமா விரல்களை எண்ணினார். காது மடல்களைப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வாழ்நாளில் பார்த்த எந்தப் பக்கமும் இவ்வளவு பிழையில்லாமல் இருந்ததில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். தூசி என்று சமாளித்தார்.

அதற்கப்புறம் குழந்தை அவர் தோளில்தான் தூங்கியது. வேறு யார் தோளிலும் தூங்க மறுத்தது. மாப்பிள்ளை ஓடக் கூப்பிட்டபோதெல்லாம், "குழந்தை தூங்குதுங்க" என்று தப்பித்தார். சௌகரியமாகவே இருந்தது. இரண்டு மாதமும் பறந்து போயிற்று.

ஒரு நாள் காலை, கூடத்தில் மனைவியின் பெட்டி நின்றுகொண்டிருந்தது.

"நாளைக்குக் கிளம்பறோம் இல்ல?" என்றார் மாமா. "என் பெட்டி எங்க?"

"உங்களுக்கு எதுக்குப் பெட்டி? உங்க டிக்கெட் இன்னும் நாலு மாசம் கழிச்சு."

மாமா உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. நானூறு சீருடை கிடக்கு, நான் போயாகணும். இவ அடுத்த வாரம் வேலைக்குச் சேரணும், மாப்பிள்ளைக்கு ஷிப்ட். குழந்தையை யாரு பார்த்துப்பா?"

"இதை நீ அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்த ஆபீஸர்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லியிருப்பீங்களோ."

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். "கஷ்டமா இருந்தா சொல்லிடுங்கப்பா. வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்."

அவள் கண்ணைப் பார்த்தார். தோளில் கிடந்த குழந்தையின் மூச்சு கழுத்தில் பட்டது. "கஷ்டமா? எனக்கென்ன கஷ்டம்?" என்றார். சொல்லி முடித்ததும், குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். எடுப்பதற்கு அங்கே முடிவு எதுவும் மிச்சமில்லை.

மனைவி ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, அழுகிற பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போன் செய்தார். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"படுத்திருக்கேன்."

"சீருடை நானூறு?"

"அதெல்லாம் கிளம்பறதுக்கு முந்தியே வெளியில தைக்கக் குடுத்துட்டேன். நான் வந்த அன்னைக்கே வந்தாச்சு. வீடு அவ்வளவு அமைதியா இருக்குங்க."

மாமா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள் மனைவி. "தூக்கம் கலையுது."

"கலையறதுக்கு இவ எங்க தூங்கினா? காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கா."

"அவளோடது இல்லைங்க. என்னோடது."