வாயில் பறியோடு கூண்டேறிய கதை

என் படம் பேப்பரில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அன்றைக்குக் கோர்ட்டுக்குப் பவுடர் பூசிக்கொண்டுதான் போனேன். படத்தில் பார்த்தால், குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற பூனை மாதிரி இருக்கிறேன்.

என் தம்பி மாரி மேல் கொலை கேஸ். டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் இறால் வியாபாரி ஒருத்தர் செத்துக் கிடந்தார். முதல் நாள் அவரோடு சண்டை போட்டவன் இவன். (வாய்ச் சண்டைதான். கை ஓங்கத் தெரியாது பாவிக்கு.)

ஏரிக்கு அக்கரை ஆள் ஒருத்தன் கோர்ட்டில் சாட்சி சொன்னான்.

"கழுத்தளவு தண்ணில குந்தி இறால் தடவிக்கினு இருந்தேங்க. பறி வாயில. மாரி கரையில ஓடினான். 'இன்னாடா ஆச்சு?'ன்னு கூவினேன். 'அவனத் தீத்துட்டேன்'னான். நான் கைய சேத்துலேர்ந்து எடுக்கவேயில்லீங்க."

தம்பிக்குத் தூக்குதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய் எங்கள் வக்கீலின் கோட்டை இழுத்தேன்.

"பொய்யி சார்! பறி வாயில இருந்தா எப்டிக் கூவுவான்?"

"பறின்னா என்னம்மா?"

படித்தவருக்கு நான் பாடம் எடுத்தேன். ஓலையில் முடைந்த பை அது. இரண்டு கையும் சேற்றில் இறால் தேடும். அதனால் பையைப் பல்லால் கடித்துக்கொள்வோம்.

மறுவாரம் பறியும் கையுமாக என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஜட்ஜையா, "கடிச்சுக் காட்டும்மா" என்றார். கடித்தேன்.

உடனே சர்க்கார் வக்கீல் எழுந்து, "உன் பேர் என்ன?" என்றார்.

பெரிய மனுஷன் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

"ம்ம்மூ."

"எந்த ஊர்?"

"ங்ங்ஊ."

"சத்தமாச் சொல்லு!"

கூவினேன். எருமை கன்று போடுகிற சத்தம் வந்தது. எச்சில் ஒழுகிப் புது ரவிக்கை நனைந்தது. (எடுத்துவிட்டுப் பேசலாம் என்று என் மூளைக்குத் தோன்றவில்லை.) கோர்ட்டே சிரித்தது.

"யக்கா, மானத்த வாங்காத!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். தூக்குக்கு நிற்கிறவனுக்கு மானத்தைப் பற்றிக் கவலை!

ஜட்ஜையா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அக்கரை ஆளைத் திரும்பவும் கூண்டில் ஏற்றி, பறியைக் கொடுத்தார்.

"கடிச்சுக்கிட்டு, அன்னிக்குக் கூவினதைக் கூவு."

"ங்ங்ஆ?" என்றான் அவன். அவ்வளவுதான். யாரோ சொல்லிக்கொடுத்த பொய் என்று அழுதுவிட்டான்.

தம்பி விடுதலையாகி வெளியே வந்தான். வாசலில் ஒரு பேப்பர்காரர், "இன்னொரு தடவை கடிம்மா" என்று கேமராவைத் தூக்கினார். அந்தச் சந்தோஷத்தில் எதைக் கொடுத்தாலும் கடித்திருப்பேன்.

அந்தப் படம் தம்பி வீட்டில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிற மருமகள்கள் கேட்பார்கள்.

"யாரு மாமா இது?"

"உங்க பெரியத்த. ஒரு வார்த்த பேசாம கேஸ் ஜெயிச்சவ."

"பேசாமயா? அவங்களா?"

இதுவரை ஒருத்தியும் நம்பியதில்லை.