வானத்தில் வேகத்தடை

என்றும் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நெற்றி வீக்கத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்ததும் நம் வாலுவுக்கு ஃபோன் போட்டு, அந்த விமான வேலையை விடச் சொல். பெற்றவன் நான்தான் என்றாலும் என் மகள் பயப்படுவது அத்தை உனக்கு மட்டும்தான்.

நடந்ததைக் கேள். தான் வேலை செய்யும் விமானத்திலேயே என்னையும் ஏற்றினாள். ஜன்னலோரம் ஒரு வக்கீல், நடுவில் நான், எனக்கு இந்தப்பக்கம் காலி இருக்கை. பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று அவள் நின்று செய்துகாட்டியபோது கைதட்டியது நான் ஒருவன்தான். பாதி வழியில் விமானம் குலுங்க ஆரம்பித்தது. எல்லோரையும் உட்காரச் சொன்னார் பைலட். வாலு வந்து காபிக் கோப்பையைத் திருப்பிக் கேட்டால், "குடிச்சுட்டுத் தரேம்மா" என்கிறார் வக்கீல். நாங்களெல்லாம் பெல்ட்டோடு இருக்க, இவள் மட்டும் தள்ளாடித் தள்ளாடி ஊரார் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு வருகிறாள். பெற்ற மனம் கேட்குமா?

அவள் அம்மா போன பிறகு நான் வாங்கிய பழைய ஸ்கூட்டர் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் போவதற்குள் தூங்கி விழுந்துவிடுவாள் என்று உன் பச்சைச் சால்வையால் அவளை என் முதுகோடு சேர்த்துக் கட்டுவாய். "மேடு வருது, கெட்டியா பிடிச்சுக்கோ" என்பேன். உடனே இரண்டு கையாலும் என் வயிற்றை இறுக்கிக்கொள்வாள். அந்தத் தெருவில் வேகத்தடையே கிடையாது அக்கா! அந்தப் பிஞ்சுக் கை இறுகட்டும் என்றுதான் சொல்வேன். அந்த நாளெல்லாம் இனி வருமா?

குளிருக்கு அதே சால்வைதான் என் தோளில் இருந்தது. அவளை இருக்கையோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று பெல்ட்டைக் கழற்றி எழுந்தேன்.

"சார், உட்காருங்க! பெல்ட்டைப் போடுங்க!"

யாரையோ அதட்டுகிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து விமானம் திடுக்கென்று இறங்கியது. நான் இறங்கவில்லை. தலைக்கு மேலிருந்த பெட்டித் தட்டில் முட்டி, வக்கீல் மடியில் விழுந்தேன். காபியும் அங்கேதான் விழுந்தது.

"அப்பா! உட்காருன்னா உட்காரு!" என்று என்னை இழுத்துப்போட்டு, மூச்சு முட்ட பெல்ட்டை இறுக்கி, காலி இருக்கையில் தானும் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"நீ விழுந்துட்டா என்னம்மா பண்றது?"

"நான் விழுந்தா இத்தனை பேரை யாருப்பா பார்க்கிறது? அதுக்குத்தான் குலுக்கல் பெருசானா கிடைச்ச சீட்டுல உட்காருன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

இதெல்லாம் ஒரு பிழைப்பா? தரையில் வேலைக்கா பஞ்சம்? நீதான் கண்டித்துச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு வணக்கம். உன் பிள்ளைகள் தரையில் காலூன்றி நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
வீங்கிய நெற்றியுடன் உன் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வாலுவுக்கு ஃபோன் போடாதே. திரும்பும்போதும் அவள் விமானத்தில்தான் வருகிறேன். அன்றைக்குக் குலுக்கல் நின்று, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என் பக்கம் சாய்ந்து, "மேடு வருதுப்பா, கெட்டியா பிடிச்சுக்கோ" என்றாள். பிடித்துக்கொண்டேன். மேடு எதுவும் வரவில்லை அக்கா.