கணப்புக் கொட்டகையில் கூடிய ஆய்வுக்குழு

மங்கோலியப் புல்வெளி எத்தனையோ மாமன்னர்களைக் கண்டிருக்கிறது. ஆனால் எங்கள் வட்டார மருத்துவமனையின் வாகன ஆய்வுக்குழுவைப் போல நீதி வழுவாத சபையை அது கண்டதில்லை. இல்லாத பழுதை இருப்பதாக இந்தக் குழு ஒருநாளும் எழுதியது கிடையாது. இருக்கிற பழுதையும் எழுதியது கிடையாது.

மருத்துவச்சி ஹாந்த்சுரெனுக்கு இந்தப் பெருமை விளங்கவில்லை. பிரசவம் பார்க்க அவள் கூடாரம் கூடாரமாக ஓட்டிப் போவது, ஜப்பானில் உழைத்துக் களைத்து வந்த பழைய ஹைப்ரிட் கார். குளிர் ஏறினால் முகப்புத் திரை அணைந்துவிடும். வேகம் தெரியாது, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்றும் தெரியாது. திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் செத்துக்கொண்டிருக்கிறது, புதிதாக ஒன்றைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். ஆனால் அரசாங்க வண்டியாயிற்றே! குழு ‘பழுது’ என்று ஒப்புக்கொள்ளாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது.

குழு கூடியது. கூடிய இடம், கணப்பு மூட்டிய கார்க் கொட்டகை. துப்பிய எச்சில் உறைகிற குளிரில் கனவான்கள் வெளியே கூடுவார்களா என்ன? மூக்குப்பொடிச் சிமிழ்களை முறைப்படி மாற்றிக்கொண்டு முகர்ந்தார்கள். உப்புப் போட்ட பால் தேநீர் குடித்தார்கள். அதற்குள் காருக்கும் சூடேறிவிட்டது. மருத்துவமனை இயக்குநர் லுவ்சன்தோர்ஜ் பொத்தானை அழுத்தினார். திரை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

“எரியுதே, தங்கச்சி.”

“உள்ள எரியும் ஐயா. கொஞ்சம் வெளிய வந்து பாருங்க.”

“குழு வெளிய வர்றதுக்கு விதி இல்லம்மா.”

கணக்கர் யோந்தோன், அவள் கண்களைப் பரிசோதிக்கலாமே என்று அன்போடு பரிந்துரைத்தார். அப்படியானால் எப்போதும் டாங்கி நிறையப் பெட்ரோலாவது கொடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அளவு காட்டக் கருவி ‘நல்ல நிலையில்’ இருக்கும்போது அது வீண்செலவு என்று விளக்கி, குழு ஏகமனதாகக் கலைந்தது. படுபாவிகள், தேநீரைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மாட்டுக் கொம்பும் உறைந்துபோகிற நாளொன்றில், வலி எடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஹாந்த்சுரென் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தாள். நடுவழியில் கார் நின்றது. திரை இருட்டு, டாங்கி காலி. குழந்தை காரிலேயே பிறந்தது. அவள் அதைத் தன் அங்கிக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள், ஊதினாள், தேய்த்தாள், தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். நிலக்கரி லாரி ஒன்று வந்து சேர்ந்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. குழந்தைக்கு இல்லை.

குழுவின் கடமையுணர்ச்சியைச் சொல்ல வேண்டும். காரை இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தி, கணப்பில் கூடுதலாகக் கரி போட்டு, மறுபடியும் கூடியது. சிமிழ்கள் கைமாறின. இயக்குநர் பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது. அதன் ஓரத்தில் பெட்ரோல் தீர்ந்ததைக் காட்டும் விளக்கு மஞ்சளாய் மினுக்கியது.

லுவ்சன்தோர்ஜுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “பாத்தியா? காலின்னு எவ்வளவு தெளிவா சொல்லுது. கருவி அதோட கடமையைச் செஞ்சிருக்கு. நீதான் பாக்கல.”

ஹாந்த்சுரென் திரையைப் பார்த்தாள். பிறகு வரிசையாக அந்த முகங்களைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் பிள்ளையையும் இங்க தூக்கிட்டு வரச் சொல்றேன் ஐயா. சூடேறினதும் பொத்தானை அமுக்கிப் பாருங்க. அதுக்கும் ஒரு குறையும் இல்லன்னு எழுதிடலாம்.”