மூன்று கடாக்களும் என் வாயும்

அன்று எனக்கிருந்த வேலை எளிது. வீட்டில் நின்ற மூன்று கடாக்களையும் நல்ல விலைக்கு விற்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆடு அறுத்துக் குர்பான் கொடுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. அந்த நாட்களில் கல்முனையில் ஆட்டுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு வேறொரு விலை. ஒரு மாதம் முன்பு மலிவாக வாங்கியவற்றை உச்சத்தில் விற்பது என் திட்டம். போட்ட பணமோ கூரைக்கு ஓடு மாற்றச் சேர்த்தது. மாரி மழைக்கு முன் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

நான் அப்போது பெண்கள் பாடசாலையில் வர்த்தகம் கற்பித்தேன். ஊக வணிகத்தின் ஆபத்துகளைக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டவள். அந்த ஆபத்தெல்லாம் படிக்காதவர்களுக்கு என்பது என் துணிபு.

என் கணவர் தொடக்கத்திலேயே தடுத்தார்.

"கடா வேணாம் புள்ள. ரெண்டு பெட்டை ஆடு வாங்கி வளர்ப்பம். குட்டி போடும், பால் தரும். மூண்டு வருசத்தில பட்டி நிறைஞ்சிரும்."

"மூண்டு வருசமா? அதுவரைக்கும் கூரை நிக்குமா?"

கடாக்கள் ஒரே மாதத்தில் என் வாழைக் கன்றுகளையும், காயப்போட்ட சேலையின் முந்தானையையும், எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள் பதினொன்றையும் தின்று முடித்தன. அந்தப் பதினொரு பேருக்கும் முழுப் புள்ளி போட்டேன். வேறென்ன செய்வது! விலை ஏறிக்கொண்டிருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

அன்று காலை வாசலில் கடாக்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு மௌலவி வேலியோரம் பல் துலக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் படலையைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தார். என் கணவரின் அக்கா.

"அல்லாஹ்வே! டீச்சர் ஆட்டு யாவாரமும் தொடங்கிட்டாவா? சம்பளம் காணாதாக்கும்!"

தெருவில் போன இருவர் நின்று சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்!

"ஆர் யாவாரம் செய்யிற? இது குர்பான் ஆடு மதினி!"

"மூண்டுமா?"

ஒன்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் தலையை நிமிர்த்தினேன்.

"மூண்டும்தான்!"

மதினி வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். அந்த வெற்றியை அரை மணி நேரம் அனுபவித்தேன்.

பிறகு சம்மாந்துறையிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் டிராக்டரில் வந்து இறங்கினார். கடாக்களின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், நான் வாங்கியதற்கு இரு மடங்கு விலை சொன்னார். பணத்துக்குக் கை நீட்டினேன்.

வேலிக்கு அப்பால் மௌலவி இருமினார்.

"டீச்சர், விக்க ஏலா."

"ஏன் மௌலவி?"

"குர்பான் ஆடெண்டு உங்கட வாயாலயே சொல்லிட்டீங்க. நானும் கேட்டன். இனி அது கடமையாப் போச்சு. அறுத்துத்தான் ஆகணும்."

"நான் கோபத்தில சொன்னது!"

"சொல்லுக்குக் கோபத்தில ஒரு விலை, சந்தோசத்தில ஒரு விலை இல்ல டீச்சர்."

ஆலைக்காரர் பணத்தை இடுப்பில் செருகினார். "எனக்கு ஏன் இந்தப் பாவம்!" என்று டிராக்டரில் ஏறிப் போயே போய்விட்டார்.

நான் அடுத்த கணக்கைத் தொடங்கினேன். "சரி, இறைச்சியக் காய வெச்சு நாங்க ரெண்டு மாசம் தின்னலாம்தானே?"

"அதுவும் ஏலா. நேர்ச்சை வெச்ச மாதிரித்தான் இது. முழுக்க ஏழைகளுக்கு. உங்கட வீட்டில ஒருத்தரும் ஒரு துண்டும் வாயில வெக்கக் கூடாது."

"தோல்?"

"தோலும்தான்."

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. "கொம்பையும் ஒருக்காக் கேளு புள்ள!"

பெருநாளன்று ஊர் முழுக்க இறைச்சி மணந்தது. எங்கள் வீட்டில் சூரை மீன். மதினி வழக்கம்போல் தம் பங்குக்குச் சட்டியோடு வந்தார். அவர் ஏழை அல்லர் என்று, இறைச்சியைப் பங்கிட வந்திருந்த மௌலவி திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வணிகம் முழுவதிலும் நான் கண்ட ஒரே இலாபம் அதுதான்.

அடுத்த மாதம் மழை பிடித்தது. ஒழுகிய இடமெல்லாம் என் கணவர் சட்டி வைத்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த சட்டிகள் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"டீச்சர் அம்மா, போட்ட காசுக்கு லாபம் எப்ப வரும்?"

மௌலவியிடம் நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். மறுமையில் முழுதாகக் கிடைக்குமாம்.

இதைவிட நெடுங்கால முதலீட்டைக் கல்முனையில் எவரும் செய்திருக்க முடியாது.