ரொட்டி வயர்மேனும் பட்டை போட்ட அடுப்பும்

ஜொகூரில் மெர்சிங்கிலிருந்து கெலாங் பாத்தா வரை மின்சாரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மின்சாரச் சாமானுக்கு ‘நீங்க’ போட்டுப் பேசியவர் ஒருவர்தான்: ரொட்டி வயர்மேன். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. விடுதியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த என்னை, “டேய் கிராணி” என்றுதான் கூப்பிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஜொகூர் பாருவிலிருந்த எங்கள் விடுதிக்குக் கேக் சுடும் மின்சார அடுப்பு ஒன்று வந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி; சூடேற இடச்சுவரில் ஒரு கம்பிச்சுருள், வலச்சுவரில் ஒன்று. ஐந்து மாதம் ஒழுங்காக உழைத்தது. ஆறாவது மாதம் கேக்கின் வலது பாதி கரி, இடது பாதி பச்சை மாவு. இப்படி இரண்டு கேக் போனதும் விடுதியை நடத்திய வெள்ளைக்காரத் துரை சமையல்காரர் வேலுவைக் கூப்பிட்டார். சனிக்கிழமை நாற்பது பேருக்கு விருந்து. மூன்றாவது கேக்கும் பாழானால் வேலை போய்விடும் என்றார். வேலுவுக்கு ஆறு பிள்ளைகள். அதை நினைத்து எனக்கே மூன்று இரவு தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வயர்மேன் வந்தார். கையில் மீட்டர் இல்லை. ஒரு முழு ரொட்டி இருந்தது. அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, தட்டில் இடமிருந்து வலமாக மூன்று வரிசை அடுக்கினார்.

“கொஞ்சம் வாயைத் திறங்க” என்றார் அடுப்பிடம். எங்களிடம், “தள்ளி நில்லுங்கடா!”

நான் ஏற்கெனவே ஒன்பது அடி தள்ளித்தான் நின்றேன்.

எட்டு நிமிடம் கழித்துத் தட்டை இழுத்தார். வல வரிசை கறுப்பு, நடு வரிசை பழுப்பு, இட வரிசை வெள்ளை வெளேர்.

“பாவம், இவங்களுக்கு இடது பக்கம் உசுரே இல்லடா” என்றபடி பன்னிரண்டையும் தின்றார், கரியையும் சேர்த்து.

பிறகு சுவரிலிருந்த பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுப்பின் இடப்பக்க மூடியைக் கழற்றினார். சுருளின் முனையைப் பிடித்திருந்த பித்தளைத் திருகில் மூன்று பட்டை விபூதி, நடுவே சந்தனப் பொட்டு. எல்லாம் இறுகிப் பச்சை பூத்திருந்தது. ஈரமும் சாம்பலும் அரித்ததில் பிடி தளர்ந்து, கம்பி முனை கருகி அறுந்து கிடந்தது.

“அலமாக்! யாருடா இவங்களுக்குப் பட்டை போட்டது?”

வேலு கைகட்டி நின்றார். “நான்தாண்ணே. அடுப்புன்னா வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கணும்ல? சுவிச்சை அணைச்சிட்டு, மூடியைக் கழட்டித்தான் வச்சேன்.”

“வலது பக்கம் ஏண்டா வைக்கல?”

“அது சுவரை ஒட்டி இருக்கு. கை நுழையல.”

“நுழைஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் மோட்சம் போயிருக்கும்லா!”

கருகிய முனையை வெட்டினார். திருகை உப்புத்தாளால் தேய்த்தார். சுருளை ஒரு விரற்கடை இழுத்து மாட்டி இறுக்கினார். அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்து, என்ன கோளாறு என்று கேட்டார்.

வேலுவின் முகத்தில் ஈயாடவில்லை. வயர்மேன் திருப்புளியை வைத்து, சற்றுமுன் இறுக்கிய திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

“ஸ்க்ரூ லோங்கார், துவான்” என்றார் மலாயில்; திருகு தளர்ந்துவிட்டது, ஐயா என்று.

துரை விரலால் ஆட்டிப் பார்த்தார். திருகு ஆடியது. திருப்தியோடு போய்விட்டார்.

“பொய்தானே ஐயா?” என்றேன்.

“எங்கடா பொய்? அவரே ஆட்டிப் பாத்தாருல்ல?” என்று மறுபடி இறுக்கினார்.

பியூஸை மாட்டி, இன்னும் பன்னிரண்டு துண்டு வைத்தார். பன்னிரண்டும் ஒரே பொன்னிறம். அவற்றையும் தின்று முடித்துவிட்டு வேலுவிடம் சொன்னார்: “இனிமே கதவுக்கு வெளியில ஒரு பூ வை, போதும். அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.”

சனிக்கிழமை கேக் நான்கு பக்கமும் சமமாக எழும்பி வந்தது. வேலு கத்தியை எடுத்து நாற்பத்தொரு துண்டாக வெட்டினார். முதல் துண்டு வாழையிலையில் பின்வாசலுக்குப் போனது. அங்கே, அடுப்புக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்த வயர்மேன் படியில் உட்கார்ந்திருந்தார்.

கேக்கை மொத்தம் எத்தனை துண்டு போட்டது என்று துரை கேட்டார். “நாற்பது” என்றேன். என் ஆயுளில் நான் தெரிந்தே தப்பாக எண்ணியது அந்த ஒரு முறைதான்.