உட்காராத தகடு

தகடு உட்காரவில்லை.

டாக்டர் அதை மண்டையோட்டு மாதிரியின் மேல் வைத்து அழுத்தினார். ஒரு மூலை படிந்தால் மறு மூலை தூக்கிக்கொண்டது.

"என்னப்பா மில்லி, மூடி பெருசா, பானை சின்னதா?"

உடைந்த எலும்புக்கு மாற்றாக முப்பரிமாண அச்சில் தகடு செய்யும் பட்டறையில் அவன் வடிவமைப்பாளன். அரை மில்லிமீட்டருக்கும் சண்டை பிடிப்பதால் அந்தப் பெயர். ஸ்கேனைப் பார்த்து பிளாஸ்டிக்கில் நோயாளியின் மண்டையோட்டையும், அதிலுள்ள ஓட்டையை மூட டைட்டானியத் தகட்டையும் அவனே அச்சிட்டிருந்தான். மாதிரியைத் திங்கட்கிழமை மாலையே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டான். அன்று பகலில் பட்டறையில் சொன்னபடி கேட்ட தகடு, செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் முறைத்துக்கொண்டு நின்றது.

நோயாளி ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டர்; ஏழு மாதமாக ஹெல்மெட்டும் தானுமாக நடமாடுகிறார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி.

மில்லி மாதிரியின் ஓட்டையை அளந்தான். கணினியில் இருந்ததைவிட ஒரு மில்லி குறைவு. திரை பொய் சொல்லும், கையில் இருப்பது சொல்லாது என்பது அவன் கட்சி. மாதிரியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் போய், ஒரு மில்லி குறைத்து பிளாஸ்டிக்கில் சோதனைத் தகடு அச்சிட்டு, புதன்கிழமை கொண்டுவந்தான். டைட்டானியத் தகடு, தேர்தலில் தோற்றவரைப்போல அவன் பையின் அடியில் கிடந்தது.

மாதிரி பச்சைத் துணியில் சுற்றி மேசைக்கு வந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. ஜன்னல் வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

"நேத்தைவிட மோசம்பா," என்றார் டாக்டர்.

"சார், இதே ஓட்டையை நாலு தடவை அளந்தேன்."

"அப்ப மண்டை சுருங்குதா?"

வாசலில் நின்ற பெயிண்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். "சுருங்கட்டும் டாக்டர், அவருக்கு மண்டைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். தேதியை மட்டும் மாத்திராதீங்க."

"ஓட்டை விழுந்த பிறகும் உனக்குக் கனமாத் தெரியுதா?" என்றது அவர் பின்னால் நின்ற ஹெல்மெட்.

மில்லி அளவுகோலை மாற்றினான். மூக்குக்கண்ணாடியை மாற்றினான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு மில்லி குறைத்தான். வியாழக்கிழமை அந்தத் தகடும் தூக்கிக்கொண்டது. போதாததற்கு, ஓரம் குறைந்ததில் திருகாணி போட இடமே இல்லை.

"இனி முடியாதுப்பா. தேதியை மாத்திடறேன்." டாக்டர் போனை எடுத்தார்.

அப்போது கருவிகளைச் சுத்தம் செய்யும் அக்கா மாதிரியை எடுத்துப்போக வந்தார். நீரில் மூழ்குபவன் துரும்பைப் பிடிப்பதுபோல மில்லி கேட்டான்: "அக்கா, இதை யாராவது மாத்தி வெச்சுட்டாங்களா?"

"என்னைத் தவிர ஒருத்தர் கை வைக்கல சார். தினமும் காலையில கத்தி, கத்திரிக்கோலோட சேத்து அரை மணி நேரம் நீராவியில நல்லா வேக வெச்சுத்தான் அனுப்பறேன். மத்த சாமானெல்லாம் அப்படியே இருக்கு. இது ஒண்ணுதான் தினம் தினம் குட்டியாயிட்டே வருது."